இருக்கிறதே போதும்

எங்கள் வீட்டுச் சாமான்களைப் பார்த்து யாராவது சிரித்தால் முன்பெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இப்போது வருவதில்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டுதான் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் புரியாது.

மரக்காணத்தில் உப்பளத்துக்குக் கிட்டத்தில் எங்கள் வீடு. வாசலில் நின்றால் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல் தெரியும். கூடத்தில் இருப்பது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பெட்டி டிவி. அதன் இடது மூலையில் எந்நேரமும் பச்சை படர்ந்திருக்கும், திரையில் யார் வந்து நின்றாலும் ஒரு தோள் பச்சையாகத்தான் தெரியும். மிக்சி ஓடவேண்டுமானால் மூடியைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மின்விசிறிக்கு ஒரே வேகம். என்னிடம் ஒரு பட்டன் போன், அவரிடம் ஒரு பட்டன் போன். என்னுடையதற்குப் பின்மூடி போய், ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

"ஏன்க்கா, ஒண்ணயாவது மாத்தக் கூடாதா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்பாள். அவள் வாங்கின ஃபிரிட்ஜின் காலடி இரண்டே வருஷத்தில் துருவேறிப் பொரிந்துபோனது. உப்புக்காற்று புதுசென்றும் பழசென்றும் பார்க்காது. புதுசாக வாங்கி வைத்தாலும் அது பழசாக்கித்தான் தரப்போகிறது. அப்புறம் எதற்கு அலையவேண்டும்? "இருக்கறது போதும்டி" என்பேன். இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது. அடுத்தவர்கள் எல்லாம் ஆசைக்கு ஆடுகிறார்கள், நான் மட்டும் அடங்கினவள் என்கிற மிதப்பு.

எல்லாவற்றையும்விடப் பழையது ரேடியோ. கல்யாணமான வருஷம் அவர் பாண்டியிலிருந்து வாங்கி வந்தது. பெரிய செல் நாலு போட வேண்டும். முள்ளை நகர்த்தும் நூல் அறுந்துபோய், மீன்பிடிக்கிற நரம்பைக் கட்டி அவரே ஓட வைத்தார். அடுப்படி அலமாரியில் அதற்கு ஒரு துணியுறை போட்டு வைத்திருப்பேன். இந்த ஒன்றை மட்டும் பழசு என்று நான் நினைத்ததே இல்லை, ஏனென்றால் அது எங்கள் உப்பைக் காத்தது.

அதைக் கண்டுபிடித்தது நான்தான். பிள்ளை பிறப்பதற்கு முன்பு ஒரு கோடை நாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுநடுவே 'சடக், சடக்' என்று வெட்டியது. செல் தீர்ந்துவிட்டது என்று நினைத்து வெயிலில் காயவைக்க எடுத்துப்போனேன். ஒரு மணி நேரம் கழித்துக் கொட்டோ கொட்டென்று மழை. அடுத்த முறையும் அப்படியே. எங்கேயோ தூரத்தில் மின்னுவது கண்ணுக்குத் தெரியும் முன்னால் ரேடியோவுக்குத் தெரிந்துவிடுகிறது என்று பிறகு புரிந்தது. முள்ளை எந்த ஸ்டேஷனும் இல்லாத கோடிக்குத் தள்ளிவைத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும். வெட்டு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் மழை நம் பக்கம் நடந்து வருகிறது என்று அர்த்தம்.

உப்பு செய்கிறவர்களுக்குக் கோடைமழைதான் எமன். பாத்தியில் விளைந்ததும் கரைந்துபோகும், வரப்பில் வாரிக் குவித்து வைத்ததும் கரைந்துபோகும். குவியலைக் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூட அரைமணி நேரமாவது வேண்டும். அதற்கு மேல் அங்கே நிற்கவும் கூடாது. உப்பளத்தில் ஒதுங்க இடம் கிடையாது. வெட்டவெளி, காலடியில் உப்புத்தண்ணீர், நாலைந்து பனைமரம். மின்னல் விழுந்தால் மனுஷன் மேல்தான் விழவேண்டும்.

அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. விடிகாலையில் உப்பு வாரிவிட்டு வெயிலேறினதும் வீட்டுக்கு வருவார். சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்துவிட்டு, பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்ச இரண்டரை மணிக்குத் திரும்பப் போவார். அப்போதிலிருந்து நான் ரேடியோவைப் போட்டுவிட்டு வீட்டு வேலையைப் பார்ப்பேன். வெட்டு கேட்டால் போன் செய்வேன். "மூடிட்டு வாங்க" என்ற ஒரே வார்த்தை. அவர் மூடிவிட்டு வந்துவிடுவார். ஒரு தடவைகூட ஏன், எதற்கு என்று கேட்டதில்லை. வானத்தைப் பார்க்கிற வேலையே எனக்கு இல்லை என்று பக்கத்துப் பாத்திக்காரர்களிடம் பெருமை பேசுவாராம். அவர் கீற்றை எடுத்தால் அவர்களும் எடுப்பார்கள். என்னை ரேடியோக்காரம்மா என்றுதான் அங்கே சொல்வார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். படிப்பை முடித்துவிட்டுக் குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் கணக்கெழுதுகிற வேலைக்குப் போகிறாள். அங்கேயே தங்கல். வாரத்துக்கு ஒருநாள் லீவில் வருவாள். முதல் சம்பளத்தில் தனக்கு ஒரு பெரிய போன் வாங்கினாள்.

"அம்மா, இதுலயே மழை வருமா வராதான்னு போட்டிருக்கும்மா."

"இன்னா போட்டிருக்கு?"

"வந்தாலும் வரலாம்னு."

"இதச் சொல்ல ஒரு போனா? நானே சொல்லுவனே."

அவளும் சிரித்தாள், அவள் அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. அவர் காதில் இருக்குமா என்று தெரியவில்லை.

அந்த வருஷம் கோடையில்தான் ரேடியோ குழம்ப ஆரம்பித்தது. ஒருநாள் சடசடவென்று வெட்டியது. போன் செய்தேன். மூடிவிட்டு வந்தார். ஒரு பொட்டு மழை இல்லை, ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அடுத்த வாரமும் அப்படியே. ஒரு சாயங்கால வேலை கெட்டால் பாத்தியில் தண்ணீர் வற்றிப்போகும், மறுநாள் விளைச்சல் கெட்டுப்போகும். மூன்றாவது முறையும் கூப்பிட்டு, மூன்றாவது முறையும் ஏமாந்து வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவரைப் பார்த்துப் பக்கத்துப் பாத்திக்காரர்கள், "இன்னாப்பா, உங்க வூட்டுக்காரம்மாவுக்கு நீ இல்லாம இருக்க முடியலையா?" என்று கேலி பண்ணினார்களாம். அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் மகள்தான். உள் அறைச் சுவரில் இருக்கிற சாக்கெட் துருவேறித் தொளதொளவென்று இருக்கும். அவள் வந்தால் அதில்தான் சார்ஜரைச் செருகுவாள். விழாமலிருக்கக் காகிதத்தை மடித்துச் சொருகிவைப்பாள். பிளக் உள்ளே ஆடிப் பொறி தட்டுகிறபோதெல்லாம் அடுப்படியில் ரேடியோ 'சடக்' என்கிறது. மின்னலின் சத்தமும் இதுவும் என் காதுக்கு ஒன்றுதான். யோசித்துப் பார்த்தால், மூன்று முறையும் அவள் வீட்டில் இருந்த நாள்தான்.

"சாக்கெட்ட மாத்திரலாம்மா. ஒரு ஆளக் கூட்டியாந்தா அரை நாள் வேலை."

"எதுக்கு? கம்பி உள்ள போவுதில்ல? இருக்கறது போதும்."

நானே ஒரு விதி செய்தேன். ரேடியோ வெட்டினால் உடனே உள் அறைக்குப் போய்ப் பார்க்க வேண்டியது. சார்ஜர் இருந்தால் பிடுங்கிவிட்டு மறுபடியும் கேட்க வேண்டியது. வெட்டு நின்றால் சார்ஜர், நிற்காவிட்டால் மின்னல். அடுப்படியிலிருந்து அந்தச் சுவர் பன்னிரண்டு அடி. எண்ணிப் பார்த்திருக்கிறேன், பிறகு.

ஆனி மாதம். அவளுக்கு லீவு. மதியம் சாப்பிட்டதும் போனைச் சார்ஜில் போடப் போனாள். "சுத்தமா சார்ஜ் இல்லம்மா, சிவப்புல நிக்குது" என்று சொல்லிக்கொண்டே போனது நினைவிருக்கிறது. இரண்டரைக்கு அவர் கிளம்பினார். செருப்பு மாட்டும்போது, "இன்னிக்காவது என்ன நிம்மதியா வேல செய்ய வுடும்மா" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் போய் ரேடியோவைப் போட்டேன்.

மூன்று மணி இருக்கும். அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். ரேடியோ வெட்டியது. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து ஒன்று. அப்புறம் இரண்டு சேர்ந்தாற்போல.

"ஏண்டி, அந்தச் சார்ஜரப் புடுங்கு" என்று கத்தினேன்.

பதில் இல்லை. தூங்குகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கையெல்லாம் மீன் செதிலும் நாற்றமும். எழுந்திருக்க வேண்டுமானால் முட்டி வலிக்கும், கை கழுவ வேண்டும். இதெல்லாம் சாக்கு. உண்மை என்னவென்றால் எனக்குக் கோபம். அவர் செருப்பு மாட்டும்போது சொன்ன வார்த்தை மேல் கோபம், கேலி பண்ணினவர்கள் மேல் கோபம், இந்தச் சார்ஜர் வந்துதானே என் பெயர் கெட்டது என்று சார்ஜர் மேல் கோபம். ரேடியோ மறுபடியும் வெட்டியது. நான் மணிக்கட்டால் குமிழைத் தள்ளி ரேடியோவை அணைத்துவிட்டேன். அப்புறம் மிச்ச நெத்திலியையும் ஆய்ந்து முடித்தேன். நன்றாக ஆய்ந்தேன், ஒரு தலை விடாமல்.

அடுப்படி இருட்டிக்கொண்டு வந்தபோதுதான் தலை தூக்கினேன். சன்னல் வழியாக ஈரக்காற்று வந்தது. வாசலுக்கு ஓடினால், மேற்கே பெருமுக்கல் பக்கமெல்லாம் கறுத்துக் கிடந்தது. கை கழுவாமலே போனை எடுத்தேன். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. முதல் இடி விழுந்தது.

இடி இடித்தால் சுவரில் இருக்கிற பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். காலும் மனசும் ஒரு பக்கம் இழுக்க, பழக்கம் என்னை உள் அறைக்குக் கொண்டுபோயிற்று. அங்கே என்ன பார்த்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இத்தனை நாள் சொல்லாதவளுக்கு இன்னும் இரண்டு பக்கம் பெரிசில்லை.

அரைமணி கழித்துப் பக்கத்துப் பாத்திக்காரர் மொபெட்டில் வந்தார். முழுக்க நனைந்திருந்தார். "ஆள் இருக்காரும்மா, உசுரு இருக்குது, வேன்ல ஏத்திட்டாங்க, நீ வா" என்று ஒரே மூச்சில் சொன்னார். வரப்பிலிருந்த பனைமரத்தின் மேல் மின்னல் விழுந்திருக்கிறது. மரத்துக்குச் சில அடி தள்ளி அவர் குவியல் மேல் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். தூக்கிப் பாத்தியில் எறிந்திருக்கிறது.

பாண்டி ஆஸ்பத்திரியில் வைத்து அந்த மனிதர் இன்னொன்றும் சொன்னார். அவர் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். "நான் முன்னாடியே சொன்னேம்மா. மேக்க கறுக்குதுப்பா, மூடிட்டுக் கெளம்பலாம்னு. அவரு நிமுந்துகூடப் பாக்கல. எங்க வூட்ல இருந்து இன்னும் போன் வரல, மழ வராதுன்னுட்டாரு."

தோளிலிருந்து இடுப்புவரை ஒரு தீய்ந்த கோடு. அது ஆறிவிட்டது. காது இரண்டும் போயின. வலது காதில் மட்டும் ஏதோ இரைச்சல்போலக் கொஞ்சம் கேட்கிறதாம். அந்தக் காதுக்கு ஒரு மெஷின் வைத்தால் பேச்சு கேட்க வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மகள் அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவருக்குக் காட்டினாள். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். தன் குரல் தனக்கே கேட்காததால் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"வேணாம்மா. இருக்கறது போதும்."

என் வார்த்தை. முப்பது வருஷம் நான் சொல்லிச் சொல்லிப் பழக்கின வார்த்தை. அன்றைக்கு அதை அவர் வாயால் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மகளும் நானும் மாறி மாறி எழுதிக் காட்டிப் பார்த்தோம். இன்றுவரை அவர் மசியவில்லை.

மகள் ஆஸ்பத்திரிக்கு வந்த நிமிஷமே அழுதுகொண்டுதான் வந்தாள். மதியம் அவள் தூங்கவில்லை. போனைச் சார்ஜில் விட்டுவிட்டுப் பின்தெருவில் இருக்கிற தோழி வீட்டுக்குப் போயிருந்திருக்கிறாள். வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாளாம். ரேடியோச் சத்தத்தில் என் காதில் விழவில்லை.

"ரேடியோ வெட்டுச்சாம்மா?" என்று கேட்டாள்.

"வெட்டுச்சு. உன் சார்ஜர்னு நெனச்சி வுட்டுட்டேன்."

அவள் முகம் மாறியது. "அப்ப நான் போட்டுட்டுப் போன சார்ஜர் அதுவரைக்கும் சுவர்லயேதான் இருந்துச்சா? நீதான் இடி இடிச்சப்பப் புடுங்குனியா?"

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு 'ஆமா'வைத்தான் சொல்ல வந்தேன். உள் அறைக்குப் போனபோது பிளக் சாக்கெட்டில் இல்லை. தரையில் கிடந்தது. மடித்த காகிதம் பக்கத்தில் கிடந்தது. செருகிவிட்டு அவள் முதுகைத் திருப்பினதுமே கழன்று விழுந்திருக்க வேண்டும், ஏனென்றால் போனை எடுத்து அழுத்திப் பார்த்தேன், உயிரே இல்லை. மதியத்திலிருந்து ஒரு சொட்டுச் சார்ஜ் ஏறவில்லை. ரேடியோ சொன்னது மின்னலைத்தான். ஒவ்வொரு வெட்டும் மின்னல்தான். எப்போதும்போல ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. பன்னிரண்டு அடி நடந்து எட்டிப் பார்த்திருந்தால் தரையில் கிடக்கிற பிளக்கைப் பார்த்திருப்பேன். வயரைச் சுருட்டி அலமாரியில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. பிறகு யோசித்ததில் எனக்குப் பிடித்த பதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர் இப்போதும் உப்பளத்துக்குப் போகிறார். பட்டன் போனைச் சட்டைப்பையில் போட்டு வைத்திருக்கிறார். மணி கேட்காது, ஆனால் அடித்தால் நெஞ்சில் அதிரும். அது போதும் என்கிறார். அதிர்ந்தால் எடுத்துப் பேசுவதில்லை, மூடிவிட்டு வந்துவிடுவார். நான் ரேடியோ லேசாக இருமினாலும் கூப்பிட்டுவிடுகிறேன். பாதிநாள் வீணாக வருகிறார். வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார், நல்லவேளை கூப்பிட்டாய் என்பதுபோல. அன்றைக்கு ஏன் கூப்பிடவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. மகள் எழுதிக் காட்டியிருக்கிறாள், சார்ஜர்தான் காரணம் என்று. அவர் அதைப் படித்துவிட்டு அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அவள் லீவுக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் போனைச் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் ஆனால் போன் அணைந்துபோகிறது, எதிர்வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறாள். "இங்கியே போட்டுக்கடி" என்றால், "வேணாம்மா" என்கிறாள். குரலில் கோபம் இருந்தால்கூடத் தேவலை.

போன வாரம் வந்தவள் உள் அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அந்தச் சாக்கெட்டயாவது மாத்திரலாமாம்மா? அதப் பாத்தாலே எனக்கு அந்த நாளுதான் ஞாபகம் வருது" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அதில் ஒருவருக்குக் காது கேட்காது. உன்மேல் ஒரு தப்பும் இல்லை, பிளக் கீழே கிடந்தது, நான்தான் எழுந்திருக்கவில்லை. இவ்வளவுதான். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்தச் சாக்கெட் தொளதொளவென்று அங்கே இருக்கிறவரைக்கும்தான் தப்பு அதனுடையது. அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது நான்தான்.

"எதுக்கு?" என்றேன். "இருக்கறது போதும்."

அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.